ஓரியின் அம்பு போன வழி

ராசிபுரத்துக்கு மூன்று பக்கம் மலை. வடகிழக்கில் போதமலை, கிழக்கிலும் தென்கிழக்கிலும் கொல்லிமலை, மேற்கே சின்னதாக அலவாய்மலை. போதமலைக்கு அப்பால் ஜருகுமலை, சேலத்தின் தலைமாட்டில் சேர்வராயன் மலை. ஆத்தூர்ப் பக்கம் போனால் கல்வராயன், துறையூர்ப் பக்கம் போனால் பச்சைமலை. வரைபடத்தில் இவை எல்லாவற்றுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை என்றே பெயர் போட்டிருக்கும். ஆனால் இங்கே தொடர்ச்சிதான் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட மதில். பாலக்காட்டில் மட்டும் ஒரு பெரிய வாசல். கிழக்கு மலைகளோ சமவெளியில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் வயலும் ஊரும் நெடுஞ்சாலையும் ரயில் தண்டவாளமும் வந்துவிட்டன. மனிதருக்கு அரைமணி நேரப் பேருந்துப் பயணம். ஒரு யானைக்கோ புலிக்கோ அது கடக்க முடியாத கடல். அந்தக் கணக்கில் ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. இந்த மலைகளில் எந்த விலங்கு நிலைத்தது, எது போனது என்பதற்கு மட்டுமல்ல, அங்கே வாழும் மக்களின் கதைக்கும் இந்தத் தீவுத்தன்மையே அடிப்படை.

மலையின் கல் சார்னோகைட் என்னும் கரும்பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. கொல்லிமலையின் உச்சி கூர்மையானதல்ல. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாகப் பரந்த மேட்டுநிலம். பக்கங்கள் மட்டும் செங்குத்து. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்பட்டதற்கு அந்தச் செங்குத்துதான் காரணம்.

அந்த 70 வளைவுகளில் ஏறும்போதே காடு மூன்று முறை மாறும். அடிவாரத்தில் முள்காடு: சூரை, வேலம், கள்ளி, உசிலை. உசிலையை மரமாக அறியாதவர்கள்கூட அதன் இலையை அறிவார்கள். காயவைத்து இடித்தால் அதுதான் அரப்புத்தூள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் சேலம், நாமக்கல் வீடுகளில் சீயக்காய்க்கு இருக்கும் மரியாதை இதற்கும் உண்டு. அதற்கு மேல் சரிவுகளில் கோடையில் இலை உதிர்க்கும் காடு: மூங்கில், வேங்கை, சந்தனம், காட்டு நெல்லி. உச்சியில் ஓடைகளை ஒட்டிய பள்ளங்களில் எப்போதும் பசுமையாக நிற்கும் சோலை. கீழே வெயில் கொளுத்தும் பங்குனியிலும் அங்கே தரை ஈரமாக இருக்கும்.

அந்த ஈரம்தான் கீழே ஆறாகிறது. ஐயாறு கொல்லிமலையில் பிறந்து, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கை அருவியாக விழுந்து, கிழக்கே புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துக்குள் போகிறது. கரைபோட்டான் ஆறு தெற்கே இறங்கிக் காவிரியைச் சேர்கிறது. கிழக்குப் பக்கத்துச் சுவேத நதி காவிரியையே சேராமல் வெள்ளாற்றோடு கலந்து கடலுக்குப் போகிறது. ராசிபுரத்து மலைகளில் பெய்யும் மழை எந்த ஆற்றுக்குப் போகும் என்பதை அது எந்தச் சரிவில் விழுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

புளியஞ்சோலை என்ற பெயரை வைத்து அங்கே புலி இருந்ததாகக் கதை கட்ட வேண்டாம். அது புளியமரத்துச் சோலை. புலியைத் தேடுவதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று இருக்கிறது.

சங்க இலக்கியத்தில் கொல்லிமலைக்கு உரியவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். ராசிபுரம் கைலாசநாதர் கோயிலை அவனே எழுப்பினான் என்பது ஊர் வழக்கு. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவனுடைய வேட்டை ஒன்றைப் பாடியிருக்கிறார். ஒரே அம்பு. அது முதலில் யானையை வீழ்த்துகிறது, அதை ஊடுருவிப் புலியைக் கொல்கிறது, பிறகு புள்ளிக் கலைமானை உருட்டுகிறது, அடுத்துக் காட்டுப்பன்றி, கடைசியாகப் புற்றுக்குப் பக்கத்தில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நிற்கிறது. பாணர் கூட்டம் வேட்டுவனை யாரென்று தெரியாமலே வியந்து பாட, தன் பெயரைக் கேட்டு அவன் நாணுகிறான். புழுக்கிய மான் இறைச்சியோடு, உருக்கிய பசுநெய்யைப் போன்ற மதுவையும் தன் மலையில் விளைந்த பொன்னையும் கொடுக்கிறான். ராசிபுரத்து நெய்யின் பேரை அறிந்தவர்களுக்கு இந்த உவமை சும்மா வந்ததாகத் தோன்றாது.

ஓர் அம்பு ஐந்து உடல்களைத் துளைக்குமா என்று வில்வித்தைக்காரர்கள் விவாதிக்கட்டும். இயற்கையைப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது வரிசையை. பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிறது. அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகளில் கொல்லிமலையிலிருந்து விலங்குகள் மறைந்ததும் ஏறத்தாழ இதே வரிசையில்தான்.

முதலில் யானை. இன்று கொல்லிமலையிலோ போதமலையிலோ யானைக் கூட்டம் இல்லை. அவற்றைப் பார்க்க வேண்டுமானால் மேற்கே ஓசூர், தருமபுரி, சத்தியமங்கலம் காடுகளுக்குப் போக வேண்டும். வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தழையும் புல்லும் தின்னும். ஒரே காட்டில் நின்று தின்றால் காடு தீர்ந்துவிடும் என்பதால் அது நடந்துகொண்டே இருக்கும் பிராணி. பருவத்துக்கு ஒரு காடு என மாறிமாறிப் போவதற்கு வழி வேண்டும். சமவெளியில் வயல்கள் நெருங்கி வழி அடைபட்ட பிறகு, ஒரு தனி மலை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் யானைக்குப் போதாது.

அடுத்து புலி. புலிக்குத் தேவை பரப்பும் இரையும். ஒரு தீவில் நாலைந்து புலிகள் மிஞ்சினாலும் வெளியிலிருந்து புதிய துணை வர வழியில்லாவிட்டால் சில தலைமுறைகளில் அந்த வம்சம் முடிந்துவிடும். அதற்கு மேல், 19ஆம் நூற்றாண்டில் கொன்ற புலிக்கு இவ்வளவு என்று சென்னை மாகாண அரசே வெகுமதி கொடுத்தது. இன்று இந்த மலைகளுக்கு அருகில் புலி நிலையாக வாழும் இடம் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம். மூன்றாவதான மான், இல்லையென்று சொல்ல முடியாது; ஆனால் கொல்லிமலையில் மானைப் பார்த்தவர் அதை ஊரெல்லாம் சொல்லும் அளவுக்கு அரிதாகிவிட்டது.

நான்காவது விலங்கோடு நிலைமை தலைகீழாகிறது. காட்டுப்பன்றிக்கு இது நல்ல காலம். அதைத் தின்ற புலி போய்விட்டது. ஒரே ஈற்றில் பல குட்டிகள். காட்டோரத்தில் மரவள்ளிக் காடுகள். இந்தப் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளி, பன்றிக்கு மண்ணுக்குள் விரித்து வைத்த விருந்து. ஒரு கூட்டம் ஒரே இரவில் தோண்டிப்போட்டதை விவசாயி ஒரு வருடம் வளர்த்திருப்பார். பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவது, தகரத்தைத் தட்டுவது, விடிய விடியப் பரணில் காவல் இருப்பது என்று எல்லாம் செய்து பார்க்கிறார்கள். சிலர் திருட்டுத்தனமாக மின்சாரக் கம்பி இழுக்கிறார்கள். அதில் பன்றியோடு மனிதரும் சாவதுண்டு. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழ்நாடு அரசு 2025இல் முடிவெடுத்தது. மலைமேல் உள்ள ஊர்களுக்கு இதனால் பெரிய பயனில்லை. அங்கே காட்டுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி நிலம் வைத்திருப்பவர் யார்?

அம்பின் பட்டியலில் இல்லாத ஒரு விலங்குதான் இன்று மலைமேல் ஆட்களை அச்சுறுத்துவது: கரடி. கறையானும் தேனும் பழமும் அதன் உணவு. நாவலும் பலாவும் பழுக்கும் காலத்தில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தடிக்கு வர நேர்கிறது. கரடிக்குக் கண்பார்வை மந்தம்; எதிரில் திடீரென ஆள் தென்பட்டால் ஓடுவதற்குப் பதில் பாய்ந்துவிடும். அதனால்தான் விடியற்காலையிலும் அந்தியிலும் தனியாகப் போகிறவர்கள் பேசிக்கொண்டோ இருமிக்கொண்டோ போகிறார்கள். நாட்டுக் குரங்குகள் வேறு வழியில் பிழைக்கக் கற்றுக்கொண்டன. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், போதமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட மெட்டாலா கணவாயில் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறவர்கள் பழமும் பொரியும் போடுவார்கள். காட்டுக்குள் தேடித் தின்ன வேண்டிய கூட்டம் சாலையோரத்தில் காத்து உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தாவது, உடும்பு. பாறை இடுக்கும் புற்றும் இருக்கும் வரை அதற்கு இடமுண்டு. அதன் பிடி உவமையாகிவிட்டது போலவே அதன் கறியும் தைலமும் மருந்து என்ற நம்பிக்கையும் ஊறிவிட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் இணையாக உடும்பும் இருக்கிறது என்பது வேட்டைக்குப் போகிற பலருக்குக் கைதான பிறகே தெரிகிறது. முள்காட்டின் இன்னொரு இரவுப் பிராணியான தேவாங்குக்கும் மூடநம்பிக்கைதான் எமன்; அதன் உருண்டைக் கண்ணுக்காகவே பிடித்துக் கொன்றார்கள். தேவாங்குக்கென்றே நாட்டின் முதல் சரணாலயம் 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியில் அமைந்தது. அதுவும் இதே போன்ற தனி மலைக்காடுதான்.

உடும்போடு அம்பு நின்றுவிட்டது. ஆனால் கதை அதற்கும் கீழே, இன்னும் சின்ன உருவங்களில் தொடர்கிறது. தீவு பெரிய உயிர்களைப் பட்டினி போடும். சின்ன உயிர்களைப் புதிதாக வடிக்கும். விரல் நீளப் பல்லி ஒன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் வெயில் சமவெளி லட்சக்கணக்கான ஆண்டுகளாகவே கடக்க முடியாத தடை. மலைக்கு மலை தனித்து வாழ்ந்து, தனித்து மாறி, கடைசியில் ஒவ்வொரு மலையிலும் வேறு வேறு இனமாகிவிட்டன. அண்மைக் காலம் வரை இவை எல்லாவற்றையும் பொதுவாகப் பல்லி என்று தள்ளிவிட்டார்கள். மரபணுவை ஒப்பிடும் வசதி வந்ததும் வகைப்பாட்டாளர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். ஏற்காட்டின் பெயர் தாங்கிய யெர்காடென்சிஸ் என்னும் பல்லி இனம் 2000இல் வந்தது. 2019 ஒரே ஆண்டில் கொல்லிமலைக்கு ஒரு கொல்லியென்சிஸ், சேர்வராயனுக்கு ஒரு சேவராயென்சிஸ், சங்ககிரிக்கு ஒரு சங்கரியென்சிஸ். யானையும் புலியும் இல்லாத காடு என்று இந்த மலைகளைக் குறைத்துப் பேசுவது வழக்கம். உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் எது என்று கேட்டால், பட்டியல் இந்தப் பாறை இடுக்குகளிலிருந்துதான் தொடங்கும்.

மனிதருக்கு வருவோம். இந்த மலைகளில் எல்லாம் பரவி வாழ்வது மலையாளி என்னும் பழங்குடி. கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட இவர்கள்தான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய வழிவழிக் கதை. மூன்று அண்ணன் தம்பிகள் தங்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மூத்தவன் சேர்வராயனுக்கும் நடுவன் கொல்லிமலைக்கும் இளையவன் பச்சைமலைக்கும் போனார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. எந்த அண்ணன் எந்த மலை என்பது சொல்லும் மலையைப் பொறுத்து மாறும். மலைகள் தனித்தனியாக நின்றாலும் மக்கள் ஒரே குடும்பம் என்று சொல்ல இதைவிட நேரான கதை இருக்க முடியாது.

அரசின் பட்டியலுக்கு இந்தக் கதை தெரியாது. அதில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று பழைய மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லுக்கு இதனால் சிக்கல் இல்லை. ஈரோடு மாவட்டத்து மலைகளில் வாழும் மலையாளிகளோ அந்தப் பட்டியலில் சேராததால் பழங்குடிச் சான்று கேட்டு நீண்டகாலமாகப் போராடுகிறார்கள். அண்ணன் பழங்குடி, தம்பி இல்லை.

கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயரைப் பார்த்தாலே அதன் பழைய அரசியல் தெரியும்: வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேளூர்நாடு, தேவனூர்நாடு, குண்டூர்நாடு என்று மொத்தம் 14 நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஊர்க்கவுண்டர், அவர்களுக்கு மேல் பட்டக்காரர் என்று ஒரு அடுக்கு இருந்தது. நிலத் தகராறு முதல் கல்யாண முறிவு வரை அங்கேயே பேசித் தீர்த்தார்கள். கீழிருந்து யாரும் எளிதில் ஏறி வராத காலத்தில் தலையிட வேறு ஆளுமில்லை.

ஏறி வராததற்குச் செங்குத்து மட்டும் காரணமல்ல. கொல்லி என்ற பெயரே கொல்வது என்ற அச்சத்தைத் தருவது. நற்றிணையும் குறுந்தொகையும் பேசும் கொல்லிப்பாவை, தெய்வம் இந்த மலையில் வடித்த பெண் உருவம். இடியும் மழையும் காற்றும் நிலநடுக்கமும் அதன் அழகைக் குலைப்பதில்லை. பிற்காலக் கதைகளில் அந்தப் பாவை சிரித்து மயக்கி வந்தவர்களைக் கொல்பவள் ஆனாள். செம்மேட்டுப் பக்கம் உள்ள எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று இன்று கும்பிடுகிறார்கள். உண்மையில் கீழ்நாட்டாரை விரட்டிய பாவைக்கு இறக்கை இருந்தது: கொசு. மலைக்குப் போய் வந்தவர் குளிர்காய்ச்சலில் விழுவார். நாடு தழுவிய மலேரியாத் தடுப்புத் திட்டம் 1953இல் தொடங்கி, கொசு குறைந்து, சாலையும் வந்த பிறகே சமவெளி மலைமேல் ஏறியது.

அச்சத்தைப் போலவே பக்தியும் காட்டுக்குக் காவலாக நின்றது. அறப்பளீஸ்வரர் கோயிலின் ஓடை மீன்களை யாரும் பிடிப்பதில்லை. ஒருமுறை ஒருவர் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தபோது துண்டுகள் ஒட்டிக்கொண்டு மறுபடி ஓடைக்குள் துள்ளிவிட்டன என்பது தலக்கதை. ஆற்றின் ஒரு துண்டில் மீன் பிடிக்காமல் விட்டால் மற்ற துண்டுகளில் மீன் பெருகும் என்று இன்றைய மீனியல் படிப்பு சொல்வதைக் கதை தன் பாணியில் சொல்லியிருக்கிறது. ஊர்தோறும் கோயில்காடுகளும் உண்டு. பெரியசாமிக்கோ காளிக்கோ விட்ட சோலையில் சுள்ளி ஒடிக்கக்கூடாது, செருப்போடு நுழையக்கூடாது. மேட்டுநிலத்தில் மற்ற இடமெல்லாம் தோட்டமான பின்னும், பழைய சோலை மரங்களில் பல இந்தச் சின்னத் திட்டுகளில்தான் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டின் மேல் 1882இல் இன்னொரு ஏற்பாடு வந்து உட்கார்ந்தது: சென்னை வனச் சட்டம். சரிவுக் காடுகள் காப்புக்காடுகளாயின. மேட்டுநிலம் பட்டா நிலமாக மக்களிடம் நின்றது. அதற்கு முன்பு மலையாளிகள் சரிவில் காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் தினையும் சாமையும் விதைத்து, ஓரிரு வருடத்தில் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். புனக்காடு என்ற அந்த முறையில் விட்டுவந்த இடம் மறுபடி காடாக நேரம் கிடைத்தது. எல்லை போட்ட பிறகு நகர இடமில்லை. இருந்த நிலத்தையே வருடாவருடம் உழ வேண்டியதாயிற்று. சட்டம் சரிவுக் காட்டைக் காப்பாற்றியது என்பது உண்மை. அதில் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் மாடு மேய்த்தும் வந்தவர்களை ஒரே நாளில் அத்துமீறுபவர்களாக்கியது என்பதும் அதே அளவு உண்மை.

அந்த உரிமைகளைத் திருப்பித் தர நாடாளுமன்றம் 2006இல் வன உரிமைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் 2008இல் உயர்நீதிமன்றம் போட்ட கட்டுப்பாட்டால் பட்டா வழங்குவது நின்றது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகே நகர்ந்தது. எட்டு வருடம் காகிதத்தில் போயிற்று.

சாமைக்கும் தினைக்கும் என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமை என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. மல்லியசாமையா, பெருஞ்சாமையா, திரிகுலசாமையா, கட்டவெட்டிச் சாமையா என்று கேட்பார்கள். தினையில் செந்தினை, பாலந்தினை, மூக்காந்தினை. கேழ்வரகில் சுருட்டை, சட்டை, பெருங்கேழ்வரகு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மெலிந்த மண்ணிலும் வரும், ஒன்றின் வைக்கோல் கூரைக்கு ஆகும். இதை மாற்றியது ராசிபுரமும் ஆத்தூரும் சேலமும். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின, 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். மலையில் நிலம் இருந்தது. லாரி வரச் சாலையும் வந்துவிட்டது. மானாவாரியில் விளைந்து ரொக்கமாகப் பணம் தரும் பயிரை வேண்டாம் என்று சொல்ல எந்த விவசாயியாலும் முடியாது.

விலை மட்டும் காரணமல்ல, உரலும் ஒரு காரணம். சாமையின் உமியை நீக்க உலக்கை பிடிக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் மணிக்கணக்கில் குத்த வேண்டும். ரேஷன் அரிசி கிடைக்கத் தொடங்கியதும் உலக்கையை முதலில் கீழே போட்டது பெண்கள்தான்; அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. 1990களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்யும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. விதை வங்கி அமைத்ததோடு உமி நீக்கும் எந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. பாரம்பரிய விதையைக் காக்கச் சொல்பவர்கள் பலர். குத்துவது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

சரிவில் மரவள்ளி போட்டால் மண் நிற்காது. கிழங்கைப் பிடுங்கும்போதே மண் புரண்டு அடுத்த மழையில் ஓடைக்குப் போகும். அந்த வகையில் மிளகு தேவலை. கொல்லிமலை மிளகுக்குச் சந்தையில் தனிப் பேர் உண்டு. பலா மரத்திலும் சில்வர் ஓக் மரத்திலும் கொடி ஏறுகிறது, நிழலில் காபி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காபியும் வெளியிலிருந்து வந்ததே; 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் நட்டதிலிருந்து இந்த மலைகளில் பரவியது. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல் என்று காடாகத் தெரியும். கிட்டப் போனால் ஒரே மரம், ஒரே இடைவெளி.

சுற்றுலாவின் பசி வேறு மாதிரி. கொல்லிமலைச் சாலையோரக் கடைகளில் முடவாட்டுக்கால் சூப் என்று பலகை தொங்கும். ஆட்டின் கால் அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. மேலே பழுப்பு மயிர் அடர்ந்து, பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டுவலிக்கு நல்லது என்பது நம்பிக்கை. மிளகும் சீரகமும் போட்டுக் கொதிக்க வைத்தால் சைவர்களுக்கும் ஒரு கால் சூப். பெரணி மெதுவாக வளர்வது. பண்ணையில் விளையும் காய்கறியைப் போல நினைத்துக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். விற்பதெல்லாம் காட்டின் பாறையிலிருந்து உரித்தெடுத்தது. மலையின் கல்லுக்கும் ஒரு காலத்தில் சந்தை இருந்தது. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டினார்கள். வழக்குகளுக்குப் பிறகு 2008இல் அது நின்றது.

இத்தனை மாற்றமும் கொல்லிமலைக்குச் சாலை வழியாக வந்தது. ராசிபுரத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் போதமலையில் கதை வேறு. அங்கே கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று மலையாளி ஊர்கள். அடிவாரத்து வடுகத்திலிருந்தும் புதுப்பட்டியிலிருந்தும் காப்புக்காட்டின் வழியே கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதைதான் போகும். விளைந்தது எதுவானாலும் தலைச்சுமை. பிரசவ வலி கண்டவரையும் பாம்பு கடித்தவரையும் கம்பில் தொட்டில் கட்டி இறக்குவார்கள். ராசிபுரத்துக் கடைத்தெருவில் இந்த ஊர்களின் பெயர் செய்தியாக அடிபடுவது தேர்தலின்போது மட்டும்: வாக்குப்பதிவு எந்திரத்தை அலுவலர்கள் தலையில் சுமந்து மலையேறும் படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் நாளிதழில் வரும்.

சாலை போட வேண்டுமானால் காப்புக்காட்டில் மரம் வெட்ட வேண்டும். அதற்கு வன அனுமதி வேண்டும். எவ்வளவு அகலம், எத்தனை மரம், ஈடாக எங்கே காடு வளர்ப்பது என்று கோப்பு மேசை மேசையாகப் போய் வந்தது. கடைசியில் ஏறத்தாழ 140 கோடி ரூபாய் செலவில், சுமார் 31 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை அமைக்க 2024இல் பணி தொடங்கியது. வடுகத்திலிருந்து கீழூர் வழியாக மேலூருக்கு ஒரு கிளை; புதுப்பட்டியிலிருந்து கெடமலைக்கு ஒரு கிளை.